அடிவாரத்தில் ஈயம்

திருமலையின் காலடியில் ஒரு பேட்டரித் தொழிற்சாலையைச் சுற்றி எழுந்த வழக்கில் ஈயத்தை விட அரசியலே அதிகம் பேசப்பட்டது. அந்த ஊர்களுக்கு வேண்டியது தீர்ப்புக்கும் முன்னால் ஓர் அளவுகோல்.

அலிபிரியில் எல்லாமே கணக்குதான். மலையேறும் படிகள் 3,550. நடக்க வேண்டிய தூரம் சுமார் 9 கிலோமீட்டர். நேர்த்திக்கடன் உள்ள பெண்கள் முதல் படியில் தொடங்கி ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுகிறார்கள். மலையின் அடியில் உள்ள முதல் படி என்பதால் 'அடிப்படி' என்றிருந்த தமிழ்ப் பெயரே தெலுங்கு வாயில் அலிபிரி ஆனது என்பார்கள் சிலர். இல்லை, ராமானுஜர் காலத்துப் புளியமரம் நின்ற 'அடிப்புளி'தான் அப்படி மருவியது என்பார்கள் வேறு சிலர். தமிழகத்தின் வட எல்லை என்று பழைய இலக்கணம் குறித்த வேங்கடத்தின் வாசலில் இந்தச் சொல் ஆராய்ச்சிக்கு முடிவே கிடையாது.

படியேறாதவர்கள் வண்டியில் போகிறார்கள். அலிபிரி சோதனைச் சாவடியில் பைகள் கருவிக்குள் போய் வருகின்றன. கார்களின் டிக்கி திறக்கப்படுகிறது. மது, புகையிலை, இறைச்சி எதுவும் மலைக்குப் போகக் கூடாது. ஆனால் ஒவ்வொரு வண்டியிலும் பானெட்டுக்கு அடியில் உட்கார்ந்து மலையேறுகிற ஒரு பொருளை யாரும் பார்ப்பதில்லை. அது பேட்டரி. சாதாரண கார் பேட்டரி ஒன்றில் 8 முதல் 10 கிலோ வரை ஈயம் இருக்கும்.

பெட்டிக்குள் இருக்கும் வரை அந்த ஈயம் யாரையும் ஒன்றும் செய்யாது. பெட்டிக்குள் போவதற்கு முன்பும், பெட்டியை உடைத்து வெளியே எடுத்த பின்பும்தான் பிரச்சினை. உலகில் பயன்படும் ஈயத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பேட்டரிகளுக்குத்தான் போகிறது. எனவே ஈயத்தைப் பற்றிப் பேசுவது என்றால் பேட்டரி செய்யும் ஊரைப் பற்றியும் பேட்டரி உடைக்கும் ஊரைப் பற்றியும் பேசுவது என்றாகிவிட்டது. அலிபிரியிலிருந்து பார்த்தால் அந்த ஊர் அதிக தூரத்தில் இல்லை.

மலையோரச் சாலை

அலிபிரியிலிருந்து கபில தீர்த்தத்தைக் கடந்து, திருப்பதி நகரின் வடக்கு ஓரமாகக் கிழக்கே போனால் காரகம்பாடி சாலை. இடது பக்கம் சேஷாசலம் மலைத்தொடர் கூடவே வருகிறது. செம்மரக் கடத்தலால் செய்தித்தாள்களில் அடிபடும் அதே மலை. 2010ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட மலை. சாலை ரேணிகுண்டாவை நோக்கிப் போகிறது. திருப்பதியின் வீடுகள் தேய்ந்து மறையும் இடத்தில் காரகம்பாடி.

இங்கேதான் 1985ல் அமர ராஜா நிறுவனம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் கல்லா ராமச்சந்திர நாயுடு. சித்தூர் மாவட்டத்து பேட்டமிட்டா கிராமத்தில் பிறந்து, அமெரிக்காவில் பொறியாளராக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். மழை பொய்த்தால் ஆட்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் கிளம்பிப் போகிற பூமியில், சுற்றுப்பட்டுக் கிராமத்து இளைஞர்களைத் தொழிலாளிகளாக்குவது என்பது நிறுவனம் பெருமையாகச் சொல்லிக்கொண்ட கொள்கை. 2000ல் அமரான் என்ற பெயரில் வந்த கார் பேட்டரி நாடு முழுவதும் விற்றது. சித்தூருக்கு மேற்கே, பெங்களூர் சாலையில் நூனெகுண்டலபள்ளியில் இன்னொரு பெரிய வளாகம் எழுந்தது. நிறுவனத்தின் ராஜண்ணா அறக்கட்டளை ஏரி தூர்வாரவும் மரம் நடவும் பணம் தந்தது. வறண்ட மாவட்டத்தில் இதெல்லாம் சின்ன விஷயம் அல்ல. இந்த வட்டாரத்தில் ஆலையைப் பற்றிப் பேசுகிறவர் யாராக இருந்தாலும், அவருடைய சொந்தக்காரர் ஒருவராவது அதில் சம்பளம் வாங்குபவராக இருப்பார் என்ற நிலை.

மாசு பற்றிய பேச்சு இப்படிப்பட்ட ஊர்களில் உரக்க எழாததற்குக் காரணம் பயம் மட்டும் அல்ல. நன்றியும் ஒரு காரணம்.

ஈயம், சீசம்

ஈயம் என்றதும் தமிழ் வீடுகளில் நினைவுக்கு வருவது ரசம் வைக்கும் ஈயச் சொம்பு. அந்த ஈயம் வேறு, இந்த ஈயம் வேறு. சொம்பும் பித்தளைப் பாத்திரத்தின் உள்பூச்சும் வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம். இரண்டும் வெவ்வேறு உலோகங்கள். பேச்சு வழக்கில் முன்னொட்டு உதிர்ந்துபோய் இரண்டுக்கும் ஒரே பெயர் நின்றுவிட்டது. தெலுங்கில் இந்தக் குழப்பம் இல்லை. வெள்ளீயம் அங்கே தகரம், காரீயம் சீசம். மலிவாகக் கிடைக்கிறதே என்று காரீயம் கலந்த சொம்பை வாங்கி அதில் புளி கரைத்துக் கொதிக்க வைப்பவர்களுக்கு இந்தச் சொல் மயக்கம் வெறும் இலக்கண விஷயம் அல்ல. புளிப்பு ஈயத்தைக் கரைக்கும்.

பேட்டரி ஆலைக்குள் காரீயம் மூன்று உருவம் எடுக்கிறது. கட்டியாக வரும் ஈயத்தை உருக்கி வலைபோன்ற தகடுகளாக வார்க்கும்போது ஆவி. ஈய ஆக்ஸைடாக அரைத்துப் பசையாக்கித் தகடுகளில் அப்பும்போது தூள். கந்தக அமிலம் ஊற்றி மின்னேற்றம் செய்த பின் கழுவி விடும்போது கழிவு நீர். நல்ல ஆலை என்பது ஆவியைப் புகைக் கூண்டிலும், தூளைத் துணி வடிகட்டியிலும், நீரைச் சுத்திகரிப்பு நிலையத்திலும் பிடித்து நிறுத்துகிற ஆலை. மோசமான ஆலை என்பது அவற்றில் ஒன்றை மின்சாரச் செலவுக்குப் பயந்து ராத்திரியில் நிறுத்தி வைக்கிற ஆலை.

நான்காவது வழி ஒன்று உண்டு. அதற்குப் புகைபோக்கி தேவையில்லை. தொழிலாளியின் சட்டை மடிப்பிலும் தலைமுடியிலும் செருப்பிலும் ஒட்டிய தூள் வீட்டுக்குப் போகிறது. ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தையின் விரலில் ஏறுகிறது; விரல் வாய்க்குப் போகிறது. ஆலைக்குள்ளேயே குளித்து, உடை மாற்றி, வேலை உடுப்பை ஆலையிலேயே துவைக்கப் போட்டுவிட்டு வருவது என்ற விதி சாதாரணச் சுத்தத்துக்காக ஏற்பட்டதல்ல. பேட்டரித் தொழிலில் குளியலறையும் ஒரு மாசுக் கட்டுப்பாட்டுக் கருவி.

2021 ஏப்ரல் 30

அன்று ஆந்திரப் பிரதேச மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காரகம்பாடி, நூனெகுண்டலபள்ளி ஆலைகளை மூடும்படி உத்தரவிட்டது. காற்றிலும் மண்ணிலும் நீரிலும் ஈயம் வரம்பை மீறியிருக்கிறது, தொழிலாளர்களின் ரத்தத்திலும் அது தெரிகிறது என்பது வாரியத்தின் குற்றச்சாட்டு. நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் காற்று மாசுத் தடுப்புச் சட்டமும் மாசுபடுத்தும் ஆலையை மூடவும், அதன் மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லவும் வாரியத்துக்கு அதிகாரம் தருகின்றன. எல்லாச் சுற்றுச்சூழல் விதிகளையும் பின்பற்றியே நடப்பதாகச் சொன்ன நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மே மாத முதல் வாரத்திலேயே மூடல் உத்தரவு இடைக்காலமாக நிறுத்தி வைக்கப்பட்டது. சில நாட்களே நின்ற ஆலைகள் மீண்டும் ஓடின.

சட்டப்படி பார்த்தால் இது ஒரு வாரியத்துக்கும் ஓர் ஆலைக்கும் இடையிலான விவகாரம். ஆனால் ஆந்திராவில் யாரும் அதை அப்படிப் பார்க்கவில்லை. நிறுவனரின் மகன் கல்லா ஜெயதேவ் அப்போது குண்டூர் தொகுதியின் தெலுங்கு தேசம் எம்.பி. ஆட்சியில் இருந்ததோ ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ். அதற்கு முந்தைய ஆண்டு, 2020 ஜூனில், நூனெகுண்டலபள்ளியில் இதே குழுமத்தின் நிறுவனத்துக்குத் தரப்பட்டிருந்த நிலத்தில் 253 ஏக்கரைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாநில அரசு ஆணை பிறப்பித்து, அதுவும் நீதிமன்றத்தில் நின்றுபோயிருந்தது. ஆகவே மூடல் உத்தரவு வந்த மறுநாளே பழிவாங்கல் என்றது ஒரு தரப்பு. மக்கள் உயிரைவிடத் தொழிலதிபரின் லாபம் பெரிதா என்றது மறு தரப்பு. 2021 ஆகஸ்டில் அரசின் மூத்த அதிகாரிகள் பத்திரிகையாளர்களை அழைத்து, நடவடிக்கைக்குக் காரணம் மாசு மட்டுமே என்று விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்று ஒரு பழமொழி உண்டு. கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில், ஈயத்தைப் பற்றிய கேள்வி நடுவில் எங்கோ விழுந்துவிட்டது.

வழக்கு டெல்லி வரை போனது. 2023 பிப்ரவரியில் வாரியத்தின் விளக்கம் கேட்கும் நோட்டீஸ் மீதான மேல் நடவடிக்கையை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. மே மாதம், வாரியம் நோட்டீஸை விசாரித்து முடிவெடுக்கலாம், பாதகமான உத்தரவு வந்தால் நிறுவனம் மேலே முறையிட அவகாசம் தராமல் அதைச் செயல்படுத்தக் கூடாது என்றது. இதற்கிடையில் 2022 டிசம்பரில் தெலங்கானாவின் மகபூப்நகரில் லித்தியம் பேட்டரித் திட்டத்தில் 9,500 கோடி ரூபாய் முதலீடு செய்வதாக நிறுவனம் அறிவித்தபோது, ஆலையை அரசே விரட்டிவிட்டது என்று ஆந்திராவில் இன்னொரு சுற்றுச் சண்டை நடந்தது. 2024 தொடக்கத்தில் ஜெயதேவ் தேர்தல் அரசியலிலிருந்து விலகினார். அந்த ஆண்டு ஜூனில் ஆட்சி மாறித் தெலுங்கு தேசம் வந்தது.

ஆட்சி மாறினால் அதிகாரிகள் மாறுவார்கள், வழக்கறிஞர்கள் மாறுவார்கள். ஈயத்தின் அணு எடை 207 என்பது மாறாது. மண்ணில் விழுந்த ஈயம் மட்கிப் போவதும் இல்லை. வாரியத்தின் குற்றச்சாட்டு சரியாக இருந்தால் அது 2021ல் மட்டும் சரியாக இருந்து 2024ல் தவறாகிவிட முடியாது. நிறுவனத்தின் மறுப்பு சரியென்றால் அதுவும் அப்படியே. எது சரி என்பதை ஊர்க்காரர் தன் கட்சியைப் பார்த்து முடிவு செய்யும் நிலை ஏற்பட்டதுதான் இந்த வழக்கில் நடந்த பெரிய சேதம்.

ஒரு துளி ரத்தம்

இந்தச் சண்டைக்கு வெளியே ஒரு சாட்சி உண்டு. அது ரத்தம். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மைக்ரோகிராம் ஈயம் என்பதே உலகம் முழுவதும் பயன்படும் கணக்கு. இந்தக் கணக்கில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 மைக்ரோகிராமைத் தொட்டால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது 2021ல் அது வெளியிட்ட வழிகாட்டுதல். அமெரிக்காவில் குழந்தைகளுக்கான எச்சரிக்கை அளவு 10ல் இருந்து 2012ல் 5 ஆகவும், 2021ல் 3.5 ஆகவும் குறைக்கப்பட்டது. ஆராய்ச்சி கூடக்கூட எண் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

தொழிலாளிக்கான கணக்கு வேறு. அளவு மிகுந்து வேலையிலிருந்து விலக்கப்பட்ட தொழிலாளி 40 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கினால் மீண்டும் ஈய வேலைக்குப் போகலாம் என்பது அமெரிக்கத் தொழிற்சாலைகளின் பழைய விதி. வேலைக்குத் தகுதி என்று சான்று பெறும் அப்பாவின் ரத்தத்தில் இருக்கும் அளவு, அவருடைய குழந்தையின் ரத்தத்தில் இருந்தால் மருத்துவமனை பரபரப்பாகிவிடும். 'தொழிலாளர்களின் அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது' என்று எந்த ஆலை சொன்னாலும், எந்த வரம்பு, யாருடைய வரம்பு என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

உணவோடும் தூசியோடும் உள்ளே போகும் ஈயத்தில் பெரியவர்களைப் போல நான்கைந்து மடங்கைக் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தை இன்னும் அதிகமாக. அதாவது ஏழை வீட்டுக் குழந்தைக்கு அதே தூசி கூடுதல் விஷம். எலும்பில் போய்ச் சுண்ணாம்பின் இடத்தில் உட்கார்ந்து பல ஆண்டுகள் தங்கும் ஈயம், கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து கிளம்பி வயிற்றிலுள்ள சிசுவுக்குப் போகும். காய்ச்சல் இல்லை, தடிப்பு இல்லை, வாந்தி இல்லை. கவனம் நிற்காது, நினைவு தங்காது, கோபம் சட்டென்று வரும். பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் 'படிப்பு ஏறாத பையன்' என்று பெயர் வைத்து விஷயத்தை முடித்துவிடுவார்கள்.

மருந்து உண்டா என்றால், 45 மைக்ரோகிராமைத் தாண்டிய குழந்தைக்கு ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து தருகிறார்கள். அதற்குக் கீழே இருக்கும் பெருங்கூட்டத்துக்கு மருந்து இல்லை. ஈயம் வரும் வழியை அடைப்பதுதான் வைத்தியம். ஆகவே இந்த ரத்தப் பரிசோதனை நோயாளிக்குச் செய்வது மட்டும் அல்ல, ஊருக்குச் செய்வது.

ஒரே நாளில் ஒரு தெருவே மயங்கி விழுந்தால் அரசு ஓடிவருகிறது. 2020 டிசம்பரில் ஆந்திராவின் ஏலூரில் 600க்கும் மேற்பட்டோர் வலிப்பும் மயக்கமுமாக மருத்துவமனைக்கு வந்தபோது அப்படித்தான் நடந்தது. முதலில் எடுத்த ரத்த மாதிரிகளில் ஈயமும் நிக்கலும் இருப்பதாக டெல்லி எய்ம்ஸ் சொன்னது. பின்னர் வந்த ஆய்வுகள் பூச்சிக்கொல்லியின் பக்கம் கை காட்டின. சில நாட்களுக்குள் நாட்டின் பெரிய ஆய்வகங்கள் அனைத்தும் ஏலூரின் நீரையும் காய்கறியையும் பாலையும் சோதித்தன. மெதுவாக வரும் விஷத்துக்கு இந்த அவசரம் கிடைப்பதில்லை.

மற்ற ஊர்களின் கதை

இந்தியாவில் ஈயத்தை ஒரு பொதுப் பிரச்சினையாக்கிய வேலை சித்தூர்க்காரர்கள் அடிக்கடி போய்வரும் பெங்களூரிலிருந்துதான் தொடங்கியது. செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷும் ஜார்ஜ் அறக்கட்டளையும் சேர்ந்து சென்னை உள்பட ஏழு நகரங்களில் ரத்தப் பரிசோதனை நடத்தினார்கள். 1999ல் வந்த முடிவு அதிர்ச்சியானது: பரிசோதிக்கப்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம். 2000ல் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. திருமலையில் 1944ல் முதல் மலைப்பாதை திறந்த காலத்திலிருந்து வாகனங்கள் விட்டுச் சென்ற ஈயப் புகை அதோடு நின்றது. 2001ல் பேட்டரி விதிகள் வந்தன. வீட்டு பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016ல் எழுதப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எண்கள் வெளியானதால் வந்த சட்டங்கள் இவை.

கென்யாவின் மொம்பாசா நகரை ஒட்டிய ஓவினோ உஹுரு குடியிருப்பின் கதை இன்னும் நெருக்கமானது. அங்கே பழைய பேட்டரிகளை உருக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த ஃபிலிஸ் ஒமிடோ என்ற பெண்ணின் கைக்குழந்தை நோயில் விழுந்தது. ரத்தத்தில் ஈயம். அவர் ஆலையோடு பேரம் பேசிவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை. அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் ரத்தத்தையும் சோதிக்க வைத்தார். 2014ல் ஆலை நின்றது. 2020ல் குடியிருப்பு மக்களுக்கு 130 கோடி ஷில்லிங் இழப்பீடு தர நீதிமன்றம் உத்தரவிட்டது. மேல்முறையீட்டில் பறிபோன அந்தத் தீர்ப்பை 2024 டிசம்பரில் கென்ய உச்ச நீதிமன்றம் மீட்டுத் தந்தது. அந்த மக்களின் கையில் இருந்த ஆயுதம் குழந்தைகளின் பரிசோதனைச் சீட்டு.

சோதனை வர நேரமானால் என்ன ஆகும் என்பதற்கு செனகல் நாட்டுத் தலைநகர் டாக்கரின் புறநகரான தியாரோய். பழைய பேட்டரிகளை உடைத்துப் பல ஆண்டுகள் ஈயம் ஊறிய மண்ணை, விலை ஏறியபோது மக்கள் சலித்து மூட்டை கட்டினார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தன. மரணத்துக்குக் காரணம் ஈயம் என்று தெரிந்தது அதன் பிறகு.

வெற்றிக் கதையும் இருக்கிறது. வங்கதேசத்தில் மஞ்சளுக்கு நிறம் ஏற்ற ஈயக் குரோமேட் கலந்துவந்தார்கள். கர்ப்பிணிப் பெண்களின் ரத்தத்தில் இருந்த ஈயத்தைத் தேடிப்போன ஆராய்ச்சியாளர்கள் மஞ்சள் ஆலைகளைக் கண்டுபிடித்தார்கள். 2019ல் அரசு சந்தைகளில் சோதனை நடத்தி அபராதம் போட்டது. இரண்டு ஆண்டுகளில் சந்தை மஞ்சளிலிருந்து கலப்படம் அனேகமாக மறைந்தது. ரத்தத்தில் ஈயம் இருந்தால் அது ஆலையிலிருந்துதான் வந்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது. மஞ்சள், சிந்தூரம், பழைய பெயின்ட், பாத்திரம் எதுவாகவும் இருக்கலாம். ஆலைகள் நீதிமன்றத்தில் சொல்ல விரும்பும் வாதம் இது. முறையாகச் சோதித்தால் இந்த வாதத்துக்கும் விடை கிடைக்கும் என்பதைத்தான் வங்கதேசம் காட்டியது.

மாங்காய் பூமியில்

திருப்பதியிலிருந்து சந்திரகிரிக் கோட்டையைக் கடந்து சித்தூருக்குப் போகிற 70 கிலோமீட்டர் வழியில் கொஞ்சம் விலகினால் காணிப்பாக்கம். அங்குள்ள விநாயகர் முன் பொய்ச் சத்தியம் செய்ய யாரும் துணிய மாட்டார்கள் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. கடன் தகராறு முதல் கட்சிக்காரர்களின் சவால் வரை 'காணிப்பாக்கத்தில் வந்து சத்தியம் செய்' என்பதில்தான் முடியும். ஈயத்துக்கு அந்த வசதி இல்லை. அது சத்தியத்துக்குக் கட்டுப்படாது. ஆய்வகத்துக்கு மட்டுமே கட்டுப்படும்.

சித்தூரைத் தாண்டினால் இருபக்கமும் மாந்தோப்புகள். கிளிமூக்கு மாங்காயைக் கூழாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலைகள். அந்தத் தோப்புகளுக்கு நடுவில்தான் நூனெகுண்டலபள்ளி. விவசாயியின் கவலை இங்கே ரத்தத்தோடு நிற்காது. மண்ணில் ஈயம் என்று ஒரு வதந்தி கிளம்பினால் போதும், கூழ் வாங்குகிற வெளிநாட்டுக்காரர் கேள்வி கேட்பார். ஆகவே உண்மையான அளவு வெளியே தெரிவது ஆலையைவிட, தொழிலாளியைவிட, தோப்புக்காரருக்கு அவசியம். ரகசியமாக வைத்த நல்ல முடிவு அவரைக் காப்பாற்றாது.

ஈயத்தின் பயணம் மாநில எல்லையோடு நிற்பதும் இல்லை. பழைய பேட்டரியிலிருந்து ஈயத்தை மீட்க இதே குழுமம் திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு சிப்காட்டில் ஆண்டுக்கு 1.5 லட்சம் டன் திறன் என்ற திட்டத்தோடு ஆலை அமைத்தது. கும்மிடிப்பூண்டியிலும் ஈயம் உருக்கும் ஆலைகள் உண்டு. விற்ற பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்ய வைப்பது உற்பத்தியாளரின் கடமை என்கின்றன 2022ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள். பெரிய ஆலைக்குத் திரும்பிப் போகும் பேட்டரி குறைந்தபட்சம் புகைபோக்கி உள்ள இடத்துக்குப் போகிறது. காயலான் கடைக்குப் போகும் பேட்டரி கோடாலியால் உடைபட்டு, அமிலம் சாக்கடையில் ஊற்றப்பட்டு, ஊருக்கு வெளியே இரும்புச் சட்டியில் உருகுகிறது. அந்தச் சட்டிக்கு எந்த வாரியமும் நோட்டீஸ் அனுப்புவதில்லை. பெரிய ஆலையை மூடிவிட்டால் ஈயப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் மறந்துவிடும் விஷயம் இது: பேட்டரியின் தேவை அப்படியேதான் இருக்கும்; வேலை மட்டும் சட்டிக்காரரிடம் போகும்.

திறந்து வைக்க வேண்டிய ஏடு

காரீய நச்சு, 2025 வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைச் சட்டம் 1948ன் மூன்றாவது அட்டவணையில் இருந்த நோய். அதைக் கண்டறியும் மருத்துவர் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். சுற்றுப்புறக் காற்றில் ஈயம் ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது 2009ல் வந்த தேசியத் தர அளவு. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். சட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் தொழிலாளியின் ரத்தக் கணக்கு ஆலையின் கோப்பில், காற்றின் கணக்கு வாரியத்தின் கோப்பில், இரண்டும் மோதும்போது நீதிமன்றத்தின் கோப்பில். கிராமத்துக் குழந்தை இந்த மூன்று கோப்புகளுக்கும் வெளியே நிற்கிறது. 23 மாநிலங்களில் மக்கள் ரத்தத்தில் ஈயத்தின் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டியிருக்கிறது என்று நிதி ஆயோக்கும் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகமும் 2022ல் சொன்ன பிறகும் இந்த நிலைதான்.

திருப்பதிக்கு இதில் சாக்குச் சொல்ல இடமில்லை. அலிபிரி சாலையிலேயே ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ விஞ்ஞானக் கழகம் இருக்கிறது. ருயா அரசு மருத்துவமனை இருக்கிறது. 1954ல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கிறது. ஐ.ஐ.டி.யும் ஐசரும் வந்து பத்து ஆண்டுகளாகிவிட்டன. மண்ணை, நீரை, ரத்தத்தைச் சோதிக்கத் தெரிந்தவர்கள் இவ்வளவு பேர் ஒரே ஊரில் கூடியிருப்பது அபூர்வம். ஆலையிடமும் வாரியத்திடமும் சம்பளம் வாங்காத இவர்களில் யாரிடமாவது பொறுப்பைக் கொடுத்து, காரகம்பாடியிலும் நூனெகுண்டலபள்ளியிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ரத்தத்தை ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க ஆலை இல்லாத தூரத்துக் கிராமம் ஒன்றிலும் அதே சோதனை. அங்கன்வாடித் தாய்மார்களுக்கு இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்துச் செய்யக்கூடிய வேலைதான் இது.

குழந்தைகளின் பெயர் வெளியே வர வேண்டியதில்லை. ஊரின் சராசரி போதும். அதைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் தெலுங்கில் எழுதி வைக்கலாம். தமிழ் பேசுகிற குடும்பங்களும் உள்ள எல்லைக் கிராமங்களில் தமிழிலும். ஆண்டுக்கு ஆண்டு எண் இறங்கினால் ஆலைக்கு அதைவிட நல்ல சான்று வேறு கிடையாது. எந்த ஆட்சி வந்து மிரட்டினாலும் சுவரைக் காட்டலாம். எண் ஏறினால், ஆட்சியில் இருப்பது யாருடைய கட்சி என்று பார்க்காமல் ஊர் கேள்வி கேட்கலாம். தன் தம்பி அந்த ஆலையில் வேலை பார்க்கிறான் என்பதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. தம்பிக்கும் ஒரு குழந்தை இருக்கும்.